கொட்டகைச் சுவருக்கு வராத படம்

அண்ணே,

நேற்று மத்தியானம் மெல்பர்னுக்கு மேற்கே வெரிபீயில் மகள் வீட்டில், பேத்தி சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து அதன் மேல் வினிகரைத் தாராளமாகக் கவிழ்த்தாள். மற்றவர்கள் கையை நீட்டினார்கள். நான் எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டேன். "வாட் ஹேப்பண்ட், தாத்தா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. என்னவென்று சொல்ல? நாம் இருந்த ஃபுட்ஸ்க்ரே வீட்டின் குளியலறையில் இந்த வாடைதான் அடிக்கும். படம் கழுவுகிறேன் பேர்வழி என்று தொட்டியின் குறுக்கே பலகை போட்டு, மருந்துத் தட்டுகளைப் பரப்பி, குளிக்கப் போகிறவனைத் துண்டும் கையுமாக வாசலில் நிற்கவைப்பீர்கள். நீங்கள் போய் இத்தனை காலம் ஆகியும் ஒரு வினிகர் பாட்டில் என்னைச் சாப்பாட்டை விட்டு எழுப்பிவிடுகிறது.

மகளின் வீடு இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும். அப்போது முட்டைக்கோசுத் தோட்டம். வருஷாவருஷம் குளிர் தொடங்கும் முன் அந்தப் பக்கமாகத்தான் மேற்கே போவோம். பின்சீட்டில் உங்கள் குசினிக் கதிரை, எங்கள் பாஷையில் சமையலறை நாற்காலி, கால்களைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். பிரேக் போட்டால் என் பின்னந்தலையில் இடிக்கும். நீங்கள் கார் ஓட்டக் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை. ரயில்வேயில் வரைபடம் போடுகிற வேலைக்குத் திருச்சியிலிருந்து வந்த எனக்கு அந்தக் கதிரைக்கும் உங்களுக்கும் டிரைவர் உத்தியோகமும் சேர்ந்து வாய்த்தது. முதல் தடவை "சரி, சார்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"சேர் எண்டு கூப்பிடாதையும் ஐசே. நான் என்ன பள்ளிக்கூடத்து வாத்தியே?"

அன்றைக்கு அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தவன், இன்னும் நிறுத்தவில்லை.

நாம் போன ஊரில் கோதுமைக் கிடங்கும் ஒரு தேவாலயமும் இரண்டு மதுக்கடையும் இருந்தன. ஆட்டுச் சந்தை நடக்கும் தகரக் கொட்டகையில் வருஷத்துக்கு ஒருமுறை ப்ளூஸ் பாட்டு விழா. பெயர் பெற்ற வித்வான்கள் யாரும் வருவதில்லை. ஆட்டு ரோமம் கத்தரிப்பவர், தபால்காரர், கிடங்கில் மூட்டை தூக்குபவர் என்று வாரம் முழுக்க வேறு வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து பாடினார்கள். எனக்கு அந்தச் சங்கீதம் அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினால் எவனுக்குத்தான் தூக்கம் வராது? உங்களோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த, டிரம்ஸ் வாசிக்கிற ஒருத்தர் முதல் வருஷம் அழைத்துப் போனார். அதன் பிறகு நம்மை யாரும் அழைக்கத் தேவைப்படவில்லை.

மற்ற படக்காரர்கள் மேடைக்கு முன்னால் முட்டிபோட்டு, வேர்வையும் திறந்த வாயுமாகப் பாடகர்களை எடுத்துத் தள்ளினார்கள். நீங்கள் மேடைப் பக்கமே போகவில்லை. கொட்டகைக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கம்பியில் கட்டி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். முதுகு நேராக இருக்கவேண்டும், பாதம் இரண்டும் சேர்ந்திருக்கவேண்டும், கை முழங்காலில் இருக்கவேண்டும். கிட்டார் பக்கத்தில் குழந்தை மாதிரி நிற்கவேண்டும். பருத்தித்துறையில் உங்கள் சித்தப்பா ஸ்டுடியோவில் கல்யாண மாப்பிள்ளைகளை எடுத்த அதே எடுப்பு. மேலிருந்து குனிந்து பார்க்கிற அந்தப் பெட்டிக் கேமராவில் நீங்கள் தலையைக் கவிழ்த்ததும் அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

"பாஸ்போர்ட் எடுக்கவா வந்திருக்கிறேன்?" என்று ரெக் கேட்டார். கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்த, மவுத் ஆர்கன் வாசிக்கிற பெரிய ஆள். கதிரை அவரைத் தாங்குமா என்று எனக்குப் பயம்.

"பாதம் எதற்கு? என் பூட்ஸில் சாணி" என்றும் சொல்லிப் பார்த்தார். நீங்கள் விடவில்லை. என்னிடம் தமிழில் முணுமுணுத்தீர்கள்: "கால் தெரியாட்டி அது மனுசன்ர படமே? அரைவாசி மனுசன்."

அடுத்த வருஷம் அந்தப் படங்களைப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. ரெக் தன் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு மனைவி மேவிஸிடம் நீட்டினார். "என்னை இப்படி யாரும் உட்காரவைத்ததில்லை" என்றார். விழாக்காரர்கள் படங்களைக் கொட்டகைச் சுவரில் வரிசையாக மாட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே ஆட்கள், அதே கதிரை. பக்கத்தில் பக்கத்தில் மாட்டியபோது அவர்கள் கிழடு தட்டுவது சுவரிலேயே தெரிந்தது. தபால்காரருக்குப் பல் போயிற்று. ரெக்கின் கோட்டு வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கோட்டு அதேதான், ஆள்தான் இளைத்துக்கொண்டிருந்தார் என்று எக்ஸ்ரே எடுக்கிற உங்களுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இடையில் உங்கள் அம்மா இறந்தார். தந்தி கைக்கு வந்தபோது ஊரில் தகனமே முடிந்திருந்தது. நீங்கள் வேலைக்குப் போனீர்கள், வந்தீர்கள், சோறு வடித்தீர்கள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் பேச்சை மாற்றினீர்கள். பிறகு ஊரிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே படம். அம்மாவைக் கிடத்தி, தலைமாட்டில் தங்கைகள் நிற்க, கால்மாட்டில் சொந்தங்கள். எங்கள் பக்கத்திலும் சாவு விழுந்தால் முதலில் படக்காரருக்குத்தான் ஆள் போகும். வர முடியாதவர்களுக்கு அதுதான் முகம் பார்ப்பது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் முதல் தடவையாக அழுதீர்கள்.

"இது வந்திராட்டி நான் நம்பியிருக்கமாட்டன் ஐசே. இப்பவும் மனுசி வாசல்ல நிக்கிறா எண்டுதான் இருந்திருப்பன்."

அந்த வார்த்தையை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரெக் மெல்பர்ன் ஆஸ்பத்திரிக்கு வந்தது அதற்கடுத்த கோடையில். நுரையீரல். எக்ஸ்ரே படத்தை எடுத்தது நீங்களே. அவர் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டாராம். மேவிஸுக்கு இருமல் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறி வந்தவர், ஊருக்குத் திரும்பும் முன் நம் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்து, தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். விழாவரைக்கும் தாக்குப்பிடிக்கமாட்டேன், இந்த வருஷப் படத்தை இப்போதே எடுத்துவிடு என்றார். குசினியில் கதிரையைப் போட்டீர்கள். நான் விரிப்பைப் பிடித்தேன். அவரே பாதங்களைச் சேர்த்து வைத்தார், அவரே கையை முழங்காலில் வைத்தார். தொப்பியை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார். மடியில் என்றீர்கள். மூச்சு வாங்காமல் இருக்கும் ஒரு நொடிக்காக வெகுநேரம் குனிந்தபடி காத்திருந்து, ஒரே ஒரு படம் எடுத்தீர்கள்.

"மேவிஸிடம் இதைப் பிறகு கொடு" என்றார் போகும்போது. எதற்குப் பிறகு என்று நாம் கேட்கவில்லை.

அந்தச் சுருளை உடனே கழுவியிருக்கலாம். ஆனால் பாதிச் சுருளைக் கழுவுவது உங்கள் சித்தப்பா ஸ்டுடியோவில் பெரும் குற்றம். கடைசிக் கட்டம்வரை எடுத்து முடித்தால்தான் கேமராவின் முதுகைத் திறக்கவேண்டும். நானும் நீங்களும் சோற்றுப் பானையைச் சுரண்டி வளர்ந்தவர்கள். அந்த வழக்கத்தில் எனக்கும் குற்றம் தெரியவில்லை. விழாவில் மிச்சத்தை எடுத்துவிடலாம் என்று கேமராவை அலமாரியில் வைத்தீர்கள்.

விழா நடக்கும் வாரத்திலேயே ரெக் போய்விட்டார். விழாக்குழுவில் இருந்த அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை அடக்கம் என்றார். கேமராவையும் கொண்டு வாருங்கள், ரெக் அதைத்தான் விரும்புவார் என்றும் சொன்னார். அடக்கம் முடிந்து கொட்டகையில் எல்லோரும் வாசிக்கப்போகிறார்கள், அதைப் படம் எடுக்க என்று அவர் நினைத்துச் சொன்னார். அது நமக்கு எங்கே விளங்கியது? சாவு வீட்டுக்குக் கேமராவோடு வா என்று சொன்னால், நம் இருவருக்கும் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

அடக்கத்துக்கு முன் குடும்பத்தார் முகம் பார்க்க ஒரு சிறிய அறையில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். மேவிஸ் நம்மையும் உள்ளே அழைத்தார். நீங்கள் ரெக்கின் நெற்றியைத் தொட்டீர்கள். பிறகு எந்தத் தயக்கமும் இல்லாமல் வேலையைத் தொடங்கினீர்கள். மேவிஸைத் தோளில் தொட்டுத் தலைமாட்டுக்கு நகர்த்தினீர்கள். ரெக்கின் மகளைக் கால்மாட்டில் நிற்கவைத்தீர்கள். "லைற்றைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியும்" என்றீர்கள் என்னிடம். நான் ஃப்ளாஷை உயர்த்தினேன். அவர்கள் பொம்மைகளாக நகர்ந்தார்கள், என்ன நடக்கிறது என்றே புரியவில்லை அவர்களுக்கு. நீங்கள் குனிந்தீர்கள். வெளிச்சம் வெட்டியதும் மேவிஸ் வீறிட்டார்.

மகன் கெவின் வாசலில் நின்றிருந்தான். இருபதைத் தாண்டியிருப்பான், அப்பாவின் உயரம். நம் நிறத்தை வைத்து ஒரு வார்த்தை சொன்னான், அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. உங்கள் கழுத்தில் வாரோடு தொங்கிய கேமராவைப் பிடித்து இழுத்தான். வார் அறுந்தது. முதுகைத் திறந்து சுருளை உருவினான். கறுப்புக் காகிதமும் ஃபிலிமும் நீளமாகச் சுருண்டு ஜன்னல் வெயிலில் தரையில் விழுந்தன. அதன் மேல் பூட்ஸ் காலை வைத்துத் தேய்த்தான்.

எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. அந்தச் சுருளில் ரெக் உயிரோடு உட்கார்ந்திருந்தார்.

நான் வாயெடுத்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னை அப்படிப் பிடித்ததில்லை, நகம் பதிந்தது. கேமராவைப் பொறுக்கிக்கொண்டு, மேவிஸைப் பார்த்து மன்னிக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெளியே நடந்தீர்கள். அடக்கத்துக்கு நாம் நிற்கவில்லை.

காரில் நான்தான் கத்தினேன். "அவன் அப்பாவோட கடைசிப் படத்தை அவனே மிதிச்சிருக்கான்ணே. அவனுக்குத் தெரிய வேண்டாமா? நான் வண்டியைத் திருப்பறேன்."

"திருப்பாதையும்."

"உங்களை என்ன சொன்னான்னு கேட்டீங்கல்ல?"

"கேட்டனான். எனக்குக் காது கேக்கும்." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னீர்கள்: "தேப்பன்ர படத்தைத் தானே அழிச்சிட்டன் எண்டு அறிஞ்சா, அந்தப் பெடியன் சீவியம் முழுக்க அதைக் காவிக்கொண்டு திரிவான். நான் பிழை விட்ட ஆள்தானே. இதுவும் என்ர பிழையாவே கிடக்கட்டும். நீர் ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

"மேவிஸம்மா கேட்டா?"

"நான் பாத்துக்கொள்ளுறன்."

எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் கெவின் மேல் வந்ததைவிடப் பெரிது. நல்லவராக இருக்கவேண்டியது உங்கள் பாடு, அதற்கு என் வாயை ஏன் கட்டவேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

சில வாரம் கழித்துக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த படங்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். குழுவிலிருந்த அந்த அம்மாள் தொலைபேசியில் வருத்தப்பட்டார். குடும்பத்தின் மனசு நொந்திருக்கிறது, இனிமேல் வரவேண்டாம் என்று தேன் தடவிச் சொன்னார். நீங்கள் "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், அவர் வைத்த பிறகும். பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மேவிஸ் வந்தார். தனியாக ரயிலில் வந்து, விலாசம் விசாரித்து, மழையில் நனைந்து வாசலில் நின்றார். குசினியில் உட்காரவைத்தோம். நான் தேநீர் போட்டேன். ரெக் சாகும் முன் சொல்லியிருக்கிறார், மெல்பர்னில் ஒரு படம் எடுத்தேன், கேட்டு வாங்கிக்கொள் என்று. அதைத்தான் கேட்க வந்திருந்தார்.

"அது கெட்டுப்போய்விட்டது. கழுவும்போது மருந்தை மாற்றி ஊற்றிவிட்டேன்" என்றீர்கள். கண்ணைப் பார்த்தே சொன்னீர்கள்.

"இத்தனை வருஷத்தில் உன் படம் ஒன்றுகூடக் கெட்டதில்லையே."

"இது கெட்டுவிட்டது."

அவர் நம்பினார். நம்பியதுதான் கொடுமை. முகத்தில் கோபம்கூட இல்லை, இந்த ஆளை நம்பிப் போய் ரெக் கடைசிப் படத்துக்கு உட்கார்ந்தாரே என்கிற அலுப்புதான் இருந்தது. நான் அடுப்புப் பக்கம் திரும்பி, கழுவிய கோப்பையை மறுபடி கழுவினேன். பிறகு அவர் கேட்டார், எப்படி உட்கார்ந்திருந்தார் என்று.

நீங்கள் கதிரையை இழுத்து நடுவில் போட்டீர்கள். உட்கார்ந்தீர்கள். பாதங்களைச் சேர்த்தீர்கள், கையை முழங்காலில் வைத்தீர்கள், என் தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தீர்கள். ஒல்லிக் குச்சியான கறுத்த மனிதர், பெரிய உடம்பு வெள்ளைக்காரர் உட்கார்ந்த விதமாக உட்கார்ந்திருக்கிறார். மேவிஸ் எழுந்து வந்து உங்கள் சட்டைக் காலரைச் சரிசெய்தார். ரெக்கின் காலர் கண்டிப்பாக மடங்கியிருக்கும், அவருக்கு அதெல்லாம் தெரியாது என்றார். அப்புறம்தான் அழுதார்.

அன்றைக்கு நீங்கள் அவருக்கு உங்கள் அம்மாவின் படத்தைக் காட்டினீர்கள். எங்கள் ஊரில் இப்படித்தான், அதனால்தான் அப்படிச் செய்தேன் என்று விளக்கினீர்கள். அவர் படத்தைக் கையில் வாங்காமல், மேசைமேல் வைத்தபடியே குனிந்து பார்த்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மழை விட்டதும் போய்விட்டார்.

நீங்கள் அதன் பிறகு யாரையும் உட்காரவைத்துப் படம் எடுக்கவில்லை. கேட்டால் என்னைப் பைத்தியக்காரனாக்கி "விசர்க்கதை கதையாதையும்" என்பீர்கள். அடுத்த விழாச் சனிக்கிழமையில் ஆஸ்பத்திரியில் அதிக வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். அந்தக் குளிர்காலத்தில் எக்ஸ்ரே அறை நடைபாதையிலேயே விழுந்தீர்கள். சுற்றிலும் டாக்டர்கள் இருந்தும் உங்களை எழுப்ப முடியவில்லை.

மெல்பர்னில் அப்போது நம் ஆட்கள் எத்தனை குடும்பம்? உங்களைக் கடைசியாக முகம் பார்க்க வந்தவர்கள் ஒரு சின்ன அறைக்குள் அடங்கிவிட்டோம். ஒருவர் தேவாரம் பாடினார், பாதியில் அடி மறந்துபோயிற்று. அதற்குள் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்த என் மனைவி, என் கையில் என்னுடைய சின்னக் கேமராவைத் திணித்தாள். "அவர் தங்கச்சிங்களுக்கு அனுப்பணும்ங்க. இல்லாட்டி அந்தப் பொண்ணுங்க எப்படி நம்பும்?" நான் எல்லோரையும் ஒழுங்காக நிறுத்தினேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். நீங்கள் கேமராச் சதுரத்துக்குள் நிற்கவே இல்லை.

"கொடு, நான் எடுக்கிறேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நீ அவர் பக்கத்தில் நிற்கவேண்டியவன்."

கெவின். டிரம்ஸ்காரர் சொல்லி அம்மாவும் மகனும் வந்திருக்கிறார்கள், கடைசி வரிசையில் நின்றதை நான் கவனிக்கவில்லை. இது உங்கள் வழக்கம் என்று அம்மா சொன்னாள் என்றான். கேமராவைக் கொடுத்துவிட்டு உங்கள் தலைமாட்டுக்குப் போனேன். மேவிஸ் தயங்கித் தயங்கிக் கால்மாட்டில் வந்து நின்றார். கெவின் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். விரல் பொத்தானில் இருந்தது. எடுக்கவில்லை.

"ஒன்று கேட்கவேண்டும்" என்றான், கேமராவுக்குப் பின்னாலிருந்தே. "அப்பாவின் படம் கழுவும்போது கெட்டது என்று அம்மாவிடம் சொன்னாராம். அன்றைக்கு நான் உருவினேனே, அந்தச் சுருளிலா என் அப்பா இருந்தார்?"

மேவிஸ் என்னைப் பார்த்தார். அறையில் எங்கள் மூவரைத் தவிர எவருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. அண்ணே, உங்கள் மேல் ஏறிய பழியெல்லாம், தபாலில் திரும்பி வந்த படங்களெல்லாம், அந்தக் கேவலமான வார்த்தையும் தொண்டைக்கு வந்தன. நீங்கள் இனி என் மணிக்கட்டைப் பிடிக்கப்போவதில்லை. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொத்தான் அழுந்திவிட்டது.

"இல்லை. அது வேறு சுருள்" என்றேன்.

அவன் கேமராவை இறக்கினான். முகம் முழுக்க நனைந்திருந்தது. மேவிஸ் குனிந்து உங்கள் சட்டைக் காலரை ஒருமுறை தடவிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஏதாவது தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் படத்தை உங்கள் தங்கைகளுக்கு அனுப்பினேன். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உங்களைப் பார்த்து நிற்கிறார்கள். நான் மட்டும் கேமராவைப் பார்க்கிறேன், வாய் திறந்திருக்கிறது. தலைமாட்டில் நின்று கதறுகிறவர் யார் என்று உங்கள் மூத்த தங்கை கேட்டு எழுதியிருந்தார். உங்கள் அண்ணனின் சிநேகிதன் என்று பதில் போட்டேன். கதறவில்லை, அண்ணே. உண்மையைச் சொல்லத் திறந்த வாய் அது. நீங்கள் சொல்லவேண்டாம் என்றீர்கள், அதனால் இன்னும் அப்படியே நிற்கிறது.